மகளை மலைக்கு அனுப்பும் ஊர்கள்

இமயமலை என்று ஆரம்பித்தாலே பேச்சு எவரெஸ்டுக்கும் கைலாயத்துக்கும் போய்விடுகிறது. முழுக்க இந்திய எல்லைக்குள்ளேயே நிற்கும் மிக உயரமான மலை எது என்று கேட்டால் பலருக்குச் சட்டென்று பதில் வராது. கஞ்சன்ஜங்கா இன்னும் உயரம்தான், ஆனால் அது நேபாள எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நந்தா தேவி அப்படியில்லை. உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில், 7,816 மீட்டர் உயரத்தில், நாலாபுறமும் மலைகள் சூழ நிற்கிறது. அந்த மலையைப் பற்றியும், அதைத் தங்கள் வீட்டுப் பெண்ணாக வைத்திருக்கும் கிராமங்களைப் பற்றியும் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உயரத்தைவிட அது இருக்கும் இடம்தான் விசேஷம். நந்தா தேவியைச் சுற்றி வட்டமாக ஒரு மலைமதில் இருக்கிறது, சுற்றளவு ஏறக்குறைய 110 கிலோமீட்டர். வடமேற்கில் துனாகிரி 7,066 மீட்டர், வடக்கே சங்கபாங், கலங்கா, வடகிழக்கில் ஹர்தேவல் 7,151 மீட்டர், தெற்கே மைக்தோலி, தென்மேற்கில் திரிசூல் 7,120 மீட்டர் என்று வரிசையாக நிற்கின்றன. இந்த மதில் ஏறக்குறைய எங்குமே 5,500 மீட்டருக்குக் கீழே இறங்குவதில்லை. மேற்கில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் பிளந்திருக்கிறது. உள்ளே இருக்கும் பனியாறுகளின் தண்ணீர் எல்லாம் சேர்ந்து ரிஷி கங்கையாக அந்தப் பிளவு வழியாகத்தான் வெளியே வருகிறது. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, கீழே ஆறு, நடக்க ஆட்டுத்தடம்கூடச் சரியாகக் கிடையாது. மலையின் முதன்மை உச்சியும் 7,434 மீட்டர் உயரமுள்ள கிழக்கு உச்சியும் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளமான ஒரு கூர்மையான முகட்டால் இணைந்திருக்கின்றன. கிழக்கு உச்சியை சுனந்தா என்றும் சொல்வார்கள், அக்காவும் தங்கையுமாக.

அந்தத் தண்ணீர் போகும் வழியையும் சொல்லிவிடுகிறேன். ரிஷி கங்கை மலையிடுக்கைத் தாண்டி ரேணி என்ற கிராமத்துக்கு அருகே தௌலி கங்கையில் சேர்கிறது, தௌலி கங்கை விஷ்ணுபிரயாகையில் அலக்நந்தாவில் சேர்கிறது, அலக்நந்தா தேவபிரயாகையில் பாகீரதியோடு கூடியதும் அதற்குக் கங்கை என்று பெயர். ஆக, ஹரித்துவாரிலும் காசியிலும் நாம் முழுக்குப் போடும் தண்ணீரில் ஒரு பங்கு இந்த மதிலுக்குள்ளிருந்து வந்தது. ரேணி என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மதிலைத் தாண்டி உள்ளே போவதற்கே ஐம்பது வருடம் ஆனது. 1883-ல் கிரகாம் என்ற ஆங்கிலேயர் ரிஷி கங்கை வழியாக முயன்று திரும்பினார். 1905-ல் லாங்ஸ்டாஃப் கிழக்குப் பக்கத்திலிருந்து மதிலின் மேல் ஏறி உள்ளே எட்டிப்பார்த்ததோடு சரி. உத்தராகண்டின் கிழக்குப் பகுதியான குமாவோனில் அதிகாரியாக இருந்த ரட்லெட்ஜ் 1926 முதல் 1932 வரை மூன்று முறை வெவ்வேறு பக்கமாக முயன்றார், முடியவில்லை. 1934-ல்தான் எரிக் ஷிப்டன், டில்மன் என்ற இரண்டு ஆங்கிலேய மலையேறிகள், அங் தார்க்கே, பசாங், குசாங் என்ற மூன்று ஷெர்ப்பாக்களோடு, ரிஷி கங்கை இடுக்கின் பாறைச் சுவரில் படிப்படியாக ஒட்டி ஒட்டி வழி கண்டுபிடித்து உள்ளே நுழைந்தார்கள். உள்ளே புல்வெளியும் பூவும், மனிதரைக் கண்டு மிரளாத பரல் காட்டு ஆடுகளும் இருந்தன. இரண்டு வருடம் கழித்து, 1936 ஆகஸ்ட் 29 அன்று, டில்மனும் நோயல் ஓடெலும் உச்சியில் நின்றார்கள். 1950-ல் அன்னபூர்ணா ஏறப்படும்வரை மனிதர் காலடி பட்ட மிக உயர்ந்த சிகரம் இதுதான். 1951-ல் கிழக்கு உச்சியில் ஏறிய டென்சிங் நோர்கே, எவரெஸ்டைவிட இதுதான் தனக்குக் கடினமாக இருந்தது என்று பிற்பாடு சொன்னார். அந்தத் தடவை அவர் ஏறியது, இரண்டு உச்சிகளையும் ஒரே ஓட்டத்தில் கடக்கப் போய்க் காணாமல் போன இரண்டு பிரெஞ்சுக்காரர்களைத் தேடி.

இந்தக் கதைகள் ஆங்கிலத்தில் ஏராளமாக எழுதப்பட்டுவிட்டன. எனக்கு மனதில் நிற்பது இன்னொரு பக்கம்.

உத்தராகண்டின் மேற்குப் பகுதியான கர்வாலிலும், கிழக்கே குமாவோனிலும் நந்தா என்பவள் மகள். இமவானுக்கும் மேனாவுக்கும் பிறந்து சிவனுக்கு வாழ்க்கைப்பட்டவள் என்ற புராணத்தை எல்லாரும் கேட்டிருப்போம், ஆனால் அந்த ஊர்களில் அது புராணமாக இல்லை. ஒவ்வொரு கிராமமும் அவளைத் தன் ஊரில் பிறந்து வெளியூருக்குக் கட்டிக்கொடுத்த பெண்ணாகவே நினைக்கிறது. புகுந்த வீடு கைலாயம், பனியும் பாறையும்தான், கணவரோ சாம்பல் பூசிக்கொண்டு தியானத்தில் இருப்பவர், ஒரு கைப்பிடி தானியம் விளையாத இடம். அதனால் அவள் அங்கே கஷ்டப்படுகிறாள், பிறந்த வீட்டை நினைத்து ஏங்குகிறாள், என்னை ஏன் யாரும் கூப்பிடவில்லை என்று கோபப்படுகிறாள். ஜாகர் என்று இரவெல்லாம் மேளத்தோடு பாடும் பாடல்களில் இது அத்தனையும் வரும். பிள்ளைகளுக்கு நோய், மாட்டுக்குப் பால் வற்றியது என்றால், நந்தாவை அழைத்துச் சீர் செய்யாததால் வந்த மனத்தாங்கல் என்று சொல்வார்கள்.

வருடந்தோறும் ஆவணி, புரட்டாசி ஒட்டி அவளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து, உபசரித்து, திரும்பக் கணவர் வீட்டுக்கு அனுப்பும் யாத்திரை நடக்கிறது. சிறிய அளவில் குருட் என்ற ஊரிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் அவளுடைய டோலி, அதாவது பல்லக்கு, புறப்படுகிறது. பெரிய அளவில் 12 வருடத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் நடப்பதுதான் நந்தா தேவி ராஜ் ஜாத். கணக்குதான் 12, நடப்பில் தள்ளிப்போவதும் உண்டு. கடைசியாக நடந்த சில ஜாத்துகள் 1968, 1987, 2000, 2014. 2013-ல் நடக்க வேண்டியது அந்த வருடக் கேதார்நாத் பெருவெள்ளத்தால் ஒரு வருடம் தள்ளிப்போய் 2014-ல் நடந்தது.

ராஜ் ஜாத் கர்ணபிரயாகைக்கு அருகே நௌட்டி கிராமத்தில் தொடங்கும். ஏறக்குறைய 280 கிலோமீட்டர், மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, எல்லாம் நடை. முன்னால் போவது நாலு கொம்புள்ள ஒரு செம்மறிக் கடா. அப்படி ஒரு கடா பிறந்துவிட்டது என்று சேதி வந்தால்தான் தேவி புறப்படத் தயார் என்று அர்த்தம். அதன் முதுகில் இரண்டு பக்கமும் கம்பளிப் பை தொங்கும், அதில் நந்தாவுக்கு வளையல், துணி, நகை, தின்பண்டம் என்று பெண் வீட்டுச் சீர். பின்னால் ரிங்கால் மூங்கிலில் பின்னிய குடைகள் ஊருக்கு ஒன்றாக வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். வழியில் ஒவ்வொரு ஊரிலும் சொந்தக்காரர் வீட்டில் தங்குவது மாதிரி ஓர் இரவு. காலையில் டோலி கிளம்பும்போது ஊர்ப் பெண்கள் வாசலில் நின்று விசும்பி விசும்பி அழுவார்கள். வயதான பெண்கள் டோலியின் துணியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள். சடங்குக்காக அழும் அழுகை என்று அதைச் சொல்லிவிட முடியாது. அந்தப் பெண்கள் ஒவ்வொருவரும் இன்னொரு ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள், சாலை வசதி வருவதற்கு முன்னால் பிறந்த வீட்டுக்கு ஒருதடவை போய்வர இரண்டு மலை ஏறி இறங்க வேண்டியிருந்தவர்கள். தன் அம்மா தன்னை அனுப்பிய நாளையும், தான் தன் மகளை அனுப்பிய நாளையும் சேர்த்துத்தான் அழுகிறார்கள். கல்யாணமான பெண்கள் அந்தச் சமயத்தில் பிறந்த ஊருக்கு வரும் வழக்கமும் இதோடு சேர்ந்தது.

கடைசி ஊர் வாண். அங்கே லாட்டு என்ற தெய்வத்துக்கு ஒரு சின்னக் கோயில், பெரிய தேவதாரு மரத்தடியில். லாட்டு நந்தாவின் சகோதரன். கோயில் கதவு வருடத்தில் ஒரு நாள்தான் திறக்கும், பூசாரி கண்ணையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டுதான் உள்ளே போவார். இனி மேலே ஊர் கிடையாது என்பதால் சகோதரிக்குத் துணையாக அவனும் கூடவே போகிறான். பேத்னி புக்யால் என்ற பரந்த புல்வெளி, பாதர் நச்சௌனி, ரூப்குண்ட் ஏரி, அதற்கு மேல் 5,000 மீட்டருக்கும் அதிகமான ஒரு கணவாய், பிறகு இறக்கம், கடைசியில் திரிசூலின் காலடியில் ஹோம்குண்ட். அங்கே பூசை முடித்து, கடாவை அந்தச் சீரோடு அவிழ்த்துவிடுவார்கள். அது தனியாக மேலே பனியைப் பார்த்து நடந்து போகும். மக்கள் திரும்பிவிடுவார்கள்.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வாணுக்கு மேலே பெண்கள் வரக்கூடாது என்ற கட்டுப்பாடு வெகுகாலம் இருந்தது. மகளுக்காக அழுபவர்கள் பெண்கள், கொண்டுபோய் விடுபவர்கள் ஆண்கள் மட்டும். அண்மைக்கால ஜாத்துகளில் பெண்களும் ஹோம்குண்ட் வரை போகிறார்கள், அதுதான் நியாயம்.

ரூப்குண்ட் பெயர் வந்ததால் அதையும் சொல்லாமல் விடக்கூடாது. 1942-ல் வனக் காவலர் ஒருவர் அந்த ஏரிக் கரையில் நூற்றுக்கணக்கான மனித எலும்புகளைக் கண்டார். ஊரார் பாட்டில் இதற்கு ஏற்கெனவே கதை இருந்தது. கன்னோசி அரசன் ஜஸ்தவல் ராஜ் ஜாத்துக்கு வந்தபோது கட்டுப்பாடுகளை மீறி நடனப் பெண்களை அழைத்துவந்தான், மேலே அவர்களை ஆடவிட்டான், நந்தா கோபம் கொண்டு கல்மழையாக ஆலங்கட்டி பெய்யவைத்துக் கூட்டத்தையே அழித்தாள் என்பது கதை. பிறகு வந்த ஆராய்ச்சியில் சில மண்டையோடுகளில் மேலிருந்து உருண்டையான ஏதோ விழுந்த மாதிரி காயம் இருப்பது தெரிந்தது, ஆலங்கட்டிதான் என்ற கருத்து வலுத்தது. 2019-ல் 38 பேரின் எலும்புகளிலிருந்து மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது விஷயம் இன்னும் சிக்கலானது. 23 பேர் தெற்காசியர்கள், ஏறக்குறைய கி.பி. 800-ஐச் சேர்ந்தவர்கள், அதுவும் ஒரே சமயத்தில் இறந்தவர்கள் இல்லை. 14 பேர் கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதியினர், ஏறக்குறைய 1800-ஐ ஒட்டி இறந்தவர்கள். ஒருவர் தென்கிழக்காசியர். கிரீட் தீவு மக்களோடு மரபு ஒத்துப்போகும் ஆட்கள் 200 வருடத்துக்கு முன் கர்வால் மலையுச்சியில் எதற்கு வந்தார்கள்? இதுவரை விடை இல்லை. பாட்டு சொல்லும் காரணமும் எலும்பு சொல்லும் காயமும் ஓர் இடத்தில் பொருந்திப்போவது மட்டும் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது.

குமாவோன் பக்கம் வழிபாடு வேறு மாதிரி. 17-ஆம் நூற்றாண்டில் சந்த் வம்ச அரசர் பாஜ் பகதூர் சந்த் கர்வாலின் மீது படையெடுத்து ஒரு கோட்டையிலிருந்த நந்தா சிலையை அல்மோராவுக்குக் கொண்டுவந்தார். சண்டை போட்டுக்கொண்ட இரண்டு அரசுகளுக்கும் அவள்தான் குலதெய்வம். இன்றும் அல்மோராவிலும் நைனிதாலிலும் நந்தாஷ்டமிக்கு வாழைத்தண்டை வெட்டிவந்து நந்தா, சுனந்தா என்று இரண்டு உருவம் செய்து, பூசித்து, கடைசியில் தண்ணீரில் கரைக்கிறார்கள்.

சரி, மலைக்கு வருவோம். நான் அதை முதலில் பார்த்தது ஜோஷிமட்டுக்கு மேலே ஔலியிலிருந்து. வெயில் ஏறுவதற்குள் பார்த்தால்தான் உண்டு, ஒன்பது மணி வாக்கில் மேகம் வந்து மூடிவிடும். அங்கிருந்து அது மற்றச் சிகரங்களுக்குப் பின்னால் தள்ளி நிற்கும், பக்கத்தில் இருக்கும் துனாகிரிதான் பெரிதாகத் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் பின்னால் நிற்பவள் எல்லாரையும்விட எவ்வளவு உயரம் என்பது பிடிபடும். அங்கிருந்து நீதிப் பள்ளத்தாக்கில் போனால் ரேணி, அதற்கப்புறம் லாதா. ரிஷி கங்கை உட்பகுதிக்குப் போகும் பழைய பாதை லாதாவிலிருந்துதான் ஏறுகிறது. லாதா கரக், தராசி, திப்ருகேட்டா என்று மேய்ச்சல் நிலங்கள் வழியாகப் போகும்.

லாதாவில் தங்கிய வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். பேசிக்கொண்டே கையில் தக்களி சுழற்றிக்கொண்டிருப்பார், இடது மணிக்கட்டில் கம்பளி உருண்டையைச் சுற்றிவைத்து, வலது கையால் ஒரு திருகு, இழை இறங்க இறங்கத் தக்களி தரையைத் தொடும் சமயம் பார்த்துச் சுற்றி எடுத்துவிடுவார், கண் அதில் இருக்காது. "பேட்டா, மேலே எங்கள் ஆடு மேய்ந்த இடத்துக்கெல்லாம் பெயர் உண்டு, என் பேரனுக்கு ஒன்றும் தெரியாது," என்றார். பார்க்காத இடத்தின் பெயர் எப்படி வாயில் நிற்கும் என்று அவரே சொன்னார். நான் மாதாஜி என்று கூப்பிட்டுக் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னவர், மேலே போக மனசு இல்லையா என்று கேட்டதும் நந்தாவின் கோயில் இருக்கும் பக்கம் கையைக் காட்டிவிட்டு நூற்பதைத் தொடர்ந்தார்.

இந்த ஊர்களுக்கு நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் அந்தப் பாட்டியின் பேச்சு புரியும். இவர்கள் போட்டியா மக்கள். ஆடுகளின் முதுகில் தானியம் ஏற்றிக் கணவாய் தாண்டித் திபெத்துக்குப் போய், உப்பும் கம்பளியும் கொண்டுவருவதுதான் தலைமுறை தலைமுறையாகப் பிழைப்பு. 1962 சீனப் போரோடு எல்லை மூடியது, வியாபாரம் போயிற்று. அப்புறம் கைகொடுத்தது மேய்ச்சலும், மலையேற வரும் குழுக்களுக்குச் சுமை தூக்குவதும்.

அந்தச் சமயத்தில்தான் 1965-ல் அந்த விசித்திரமான காரியம் நடந்தது. முந்தைய வருடம் சீனா அணுகுண்டு சோதனை செய்திருந்தது. அதைக் கண்காணிக்க அமெரிக்க உளவு அமைப்பும் இந்திய உளவுத்துறையும் சேர்ந்து, புளூட்டோனியத்தில் இயங்கும் மின்கலத்தோடு ஒரு கருவியை நந்தா தேவி உச்சியில் வைக்கத் திட்டமிட்டன. இந்தியத் தரப்பில் தலைமை தாங்கியவர் அதே வருடம் எவரெஸ்ட் குழுவை நடத்திய கேப்டன் கோலி. சுமந்தவர்களுக்கு அந்தப் பெட்டி கதகதப்பாக இருந்ததால் குளிருக்கு இதமாகப் பிடித்திருந்ததாம், உள்ளே இருப்பது என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. உச்சிக்கு முன்னால் புயல் வரவே, கருவியை ஒரு பாறை இடுக்கில் கட்டிவிட்டுக் கீழே இறங்கினார்கள். அடுத்த வசந்தத்தில் போய்ப் பார்த்தால் பனிச்சரிவு அந்த இடத்தையே வழித்துக்கொண்டு போயிருந்தது. அது இன்றுவரை கிடைக்கவில்லை. 1978-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் விஷயம் வெளியானதும் பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்தில் அதை ஒப்புக்கொண்டார். கங்கையின் தலைமாட்டில் அதை வைத்தவர்கள் கீழே இருக்கும் ஒரு கிராமத்தையும் கேட்கவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

1974 மார்ச் 26. ரேணி கிராமத்துக் காட்டில் ஏறக்குறைய 2,500 மரங்களை வெட்டக் குத்தகைக்காரரின் ஆட்கள் வந்தார்கள். 1962-க்குப் பிறகு ராணுவத்துக்கு எடுத்த நிலத்துக்கு இழப்பீடு தருகிறோம் என்று ஆண்களை எல்லாம் அன்றைக்குச் சமோலிக்கு வரவழைத்திருந்தார்கள். ஊரில் பெண்கள் மட்டும். மகளிர் மங்கள தளம் என்ற ஊர்ப் பெண்கள் சங்கத்தின் தலைவியாக இருந்த கௌரா தேவி 27 பெண்களையும் சிறுமிகளையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போனார். வந்தவர்களில் குடித்திருந்த ஒருவன் துப்பாக்கியைக் காட்டினான். இந்தக் காடு எங்கள் பிறந்த வீடு, முதலில் என்னைச் சுடு, பிறகு வெட்டு என்று நின்றார் அவர். ஆட்கள் திரும்பிப் போனார்கள். மரங்களைக் கட்டிப்பிடித்து வெட்டவிடாமல் காக்கும் சிப்கோ இயக்கம் நாடு முழுக்கத் தெரிந்தது அதற்கப்புறம்தான். அந்தப் பகுதியில் மரம் வெட்டுவதற்குப் பத்தாண்டுத் தடையும் வந்தது.

கௌரா தேவி பிறந்தது லாதாவில், வாழ்க்கைப்பட்டது ரேணியில், 22 வயதில் கணவரை இழந்தவர். புகுந்த ஊரின் காட்டைத்தான் அவர் பிறந்த வீடு என்று சொல்லியிருக்கிறார். நந்தாவுக்குச் சீர் சுமந்துபோகும் ஊர்களில் வளர்ந்த பெண்ணுக்கு அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று தேடத் தேவையில்லை.

இதே காலத்தில்தான் இந்த மலையின் பெயரைத் தாங்கிய ஒரு பெண்ணின் கதையும். அமெரிக்க மலையேறி வில்லி அன்சோல்டு இளைஞராக இருந்தபோது இந்த மலையைப் பார்த்து மயங்கி, தனக்குப் பெண் பிறந்தால் இந்தப் பெயரைத்தான் வைப்பேன் என்று முடிவுசெய்தார். அப்படியே வைத்தார். நந்தா தேவி அன்சோல்டு 1976-ல் அப்பாவோடு தன் பெயருள்ள மலையை ஏற வந்தாள். வயது 22. 7,300 மீட்டர் உயரத்தில் முகாமில் உடல்நலம் கெட்டு, செப்டம்பர் 8 அன்று அப்பாவின் கண்ணெதிரே இறந்துபோனாள். உடலை அந்த மலையிலேயே பனிக்கு ஒப்படைத்துவிட்டு வந்தார்கள். கீழே ஊர்களில், தேவியே அந்தப் பெண்ணாக வந்து தன் வீட்டுக்குத் திரும்பிப் போனாள் என்று பேசிக்கொண்டார்கள். பெற்ற தகப்பனுக்கு அது ஆறுதலாக இருந்திருக்குமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

1974-ல் வெளிநாட்டுக் குழுக்களுக்கு மறுபடி அனுமதி கிடைத்ததும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். உட்பகுதி முழுக்கக் குப்பை, அடுப்புக்கு வெட்டிய பூர்ஜ மரங்கள், வேட்டை. 1982-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்து, அடுத்த வருடம் முதல் மலையேற்றம், மலைநடை, மேய்ச்சல் எல்லாவற்றுக்கும் கதவை அடைத்தார்கள். 1988-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று. 1993-ல் ராணுவப் பொறியாளர்கள் குழு ஒன்று உள்ளே போய் நூற்றுக்கணக்கான கிலோ குப்பையைக் கீழே கொண்டுவந்தது. காட்டுக்கு இந்த ஓய்வு நல்லது செய்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பனிச்சிறுத்தையும் கஸ்தூரி மானும் அங்கே இருக்கின்றன, புல்வெளிகள் மீண்டிருக்கின்றன.

ஆனால் கெடுத்தது யார், தண்டனை யாருக்கு? குப்பை போட்டவர்கள் விமானம் ஏறிப் போய்விட்டார்கள். காட்டைக் கட்டிப்பிடித்துக் காப்பாற்றிய ரேணிக்காரர்களுக்கும், மந்தையோடு தராசி வரை போய்வந்த லாதாக்காரர்களுக்கும்தான் கதவு அடைபட்டது. மேய்ச்சலும் மூலிகையும் சுமைகூலியும் ஒரே அடியில் போயிற்று, இளைஞர்கள் டேராடூனுக்கும் தில்லிக்கும் போனார்கள். 1998-ல் லாதா மக்கள் தடையை மீறி உட்பகுதிக்குள் நடந்தார்கள். 2001-ல் அந்தக் கிராமங்கள் கூடி, இங்கே சுற்றுலா என்று ஒன்று வந்தால் அது உள்ளூர் ஆட்களின் கையில்தான் இருக்க வேண்டும், காட்டுக்குக் கேடு வரக்கூடாது என்று ஓர் அறிக்கை வெளியிட்டன. அதற்கப்புறம்தான் வெளி வளையத்தின் ஒரு பகுதியில் மட்டும், எண்ணிக்கைக் கட்டுப்பாட்டோடு, உள்ளூர் வழிகாட்டிகளோடு நடக்க அனுமதி வந்தது.

ஆடு மேய்க்கக்கூடாத அதே ஆற்றில் மின் நிலையம் கட்ட மட்டும் தடை இருக்கவில்லை. ரேணிக்குப் பக்கத்திலேயே ரிஷி கங்கையில் 13.2 மெகாவாட் நிலையம், கீழே தபோவனில் 520 மெகாவாட் திட்டம். பாறைக்கு வெடி வைக்கிறார்கள், இடிபாட்டை ஆற்றில் கொட்டுகிறார்கள் என்று ரேணி மக்கள் 2019-லேயே நீதிமன்றம் போனார்கள். 2021 பிப்ரவரி 7 காலை, ஹோம்குண்டுக்கு மேலே நிற்கும் ரோண்டி மலையின் வடக்கு முகத்திலிருந்து ஏறக்குறைய 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் ஒரே துண்டாகப் பெயர்ந்து, 1,800 மீட்டர் கீழே விழுந்தது. விழுந்த வேகத்தில் பனி உருகி, சேறும் தண்ணீரும் பாறையுமாக ரிஷி கங்கையில் இறங்கி, முதல் நிலையத்தைத் துடைத்துவிட்டு, இரண்டாவதைச் சிதைத்து, தபோவன் சுரங்கத்துக்குள் வேலை செய்துகொண்டிருந்தவர்களை அப்படியே அடைத்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து 200 பேருக்கும் மேல். சேற்றின் நாற்றத்தை வைத்து, 1965-ல் தொலைந்த அந்தப் பெட்டிதான் வெடித்தது என்று ரேணியில் பலர் நம்பினார்கள். செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பாறைச்சரிவுதான் காரணம் என்று விஞ்ஞானிகள் தெளிவாகக் காட்டிவிட்டார்கள். ஆனாலும் ஊரில் அந்தப் பயம் எழுந்ததற்கு ஊர் பொறுப்பில்லை.

அந்த வருடம் ஜூனில் மழையால் நிலம் சரிந்து, ரேணியிலிருந்த கௌரா தேவியின் சிலையையே பெயர்த்து ஜோஷிமட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஜூலையில், வெள்ளத்துக்குப் பிறகு இந்த மின் திட்டங்களை நிறுத்தக் கேட்டுப் போட்ட ஒரு பொதுநல வழக்கை மாநில உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்து, மனுதாரர்கள் ஐந்து பேருக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது. அதில் மூன்று பேர் ரேணிக்காரர்கள்.

நந்தா தேவியை மலையேறிகளுக்கு மறுபடி திறக்கலாமா என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. என்னைக் கேட்டால் உச்சி மூடியே இருக்கட்டும். ஏறிப் பார்க்க வேண்டியவர்கள் ஏறிப் பார்த்தாகிவிட்டது. திறக்க வேண்டியது கீழே, லாதா கரக்கும் தராசியும் திப்ருகேட்டாவும், அதுவும் லாதாவுக்கும் ரேணிக்கும் முதலில், எத்தனை ஆடு எத்தனை நாள் என்று அவர்களே வனத்துறையோடு உட்கார்ந்து முடிவுசெய்யும் விதமாக. ரிஷி கங்கையில் இனி ஒரு மின் திட்டமும் வேண்டாம்.

போக நினைப்பவர்களுக்கு: ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் ஒரு முழுநாள் பயணம், அங்கிருந்து லாதாவுக்கு ஜீப் கிடைக்கும். மே, ஜூன் அல்லது மழை விட்ட பிறகு செப்டம்பர் கடைசி, அக்டோபர் நல்ல நேரம், ஜூலை ஆகஸ்டில் சாலை எந்த நாளும் சரியலாம். லாதாவில் வீடுகளிலேயே தங்க இடம் தருகிறார்கள், உள்ளூர் ராஜ்மாவும் சோறும் கிடைக்கும். மேலே நடப்பதற்கான அனுமதியை ஜோஷிமட் வன அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வழிகாட்டியை ஜோஷிமட்டில் பிடிக்காமல் ஊரிலேயே கேளுங்கள், அந்தக் காசு அங்கேயே நிற்கும்.